பட்டணம் பார்த்தல்: சென்னைக்கு முதல்முறை வருகிறவர் எங்கே தொடங்குவது?

“செத்த காலேஜு, உயிர் காலேஜு ரெண்டும் பாத்தாச்சா?” பட்டணம் போய்த் திரும்பியவரை ஊரில் முதலில் கேட்ட கேள்வி ஒரு காலத்தில் இதுதான். செத்த காலேஜ் என்றால் எழும்பூர் அருங்காட்சியகம். உயிர் காலேஜ் என்றால் மிருகக்காட்சி சாலை. எழுத்துவாசனை இல்லாத சனம் வைத்த பெயர்கள் என்று இவற்றைச் சிரித்துக் கடந்துவிடுகிறோம். ஆனால் நகரத்தின் சரித்திரம் அவற்றுக்குள் பத்திரமாக இருக்கிறது. 1851இல் அருங்காட்சியகம் தொடங்கியபோது அது இருந்தது நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில். 1854இல் பாந்தியன் சாலைக்கு இடம் மாறிய பிறகும் ‘காலேஜ்’ அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்பார்கள். அதன் முதல் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர் அதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்து வளர்த்தார். அவை பெருகி, பிறகு சென்ட்ரல் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. 1985இல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தன. இரண்டு காலேஜும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

அந்தப் பழைய சுற்றில் இன்னும் சில இடங்கள் உண்டு. மவுண்ட் ரோட்டு எல்.ஐ.சி. கட்டடம், மூர் மார்க்கெட், பீச், பிற்பாடு சமாதிகள். 1959இல் திறந்த எல்.ஐ.சி.யின் பதினான்கு மாடியை அண்ணாந்து எண்ணுவதே ஒரு வேலையாக இருந்தது. அப்போது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அது. எம்.ஜி.ஆர். சமாதியின் கல்லில் காதை வைத்து, உள்ளே கைக்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று பார்க்காமல் திரும்பியவர்கள் குறைவு. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. எல்.ஐ.சி.யைவிட உயர்ந்தவை இன்று எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் அந்தச் சுற்றில் ஓர் ஒழுங்கு இருந்ததாக நான் நினைக்கிறேன். நாலைந்து இடம்தான், நடந்து போவார்கள், நின்று பார்ப்பார்கள், ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

இன்றைக்கு முதல்முறை வருகிறவருக்குக் கிடைக்கிற யோசனைகள் வேறு மாதிரி. தி. நகரில் துணி எடு, பெரிய மால் ஒன்றில் படம் பார், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா, மகாபலிபுரம் ஒரே நாளில் போய்வா, சாயங்காலம் மெரினா. ஒவ்வொன்றும் நல்ல இடமாகவே இருக்கலாம். ஆனால் மால் கோயம்புத்தூரிலும் இருக்கிறது, துணிக்கடை மதுரையிலும் இருக்கிறது. மகாபலிபுரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தனி ஊர். அதற்கென்று தனியாக ஒருமுறை வரவேண்டும். இந்தப் பட்டியலை முடித்துவிட்டு ஊர் திரும்புகிறவர் பார்க்காமல் விட்டது ஒன்றுதான்: சென்னை.

முதல்முறை வருகிறவர் யார் என்ற கேள்வியையும் இந்தப் பட்டியல்கள் கேட்பதில்லை. சுற்றிப் பார்க்க என்றே புறப்பட்டு வருகிறவர்கள் கொஞ்சம்தான். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, பிள்ளைக்கு நேர்முகத் தேர்வு, விசா, உயர்நீதிமன்ற வழக்கு, துபாய் போகும் மகனை வழியனுப்ப மீனம்பாக்கம் என்று ஏதோ ஒரு காரியமாகத்தான் பெரும்பாலோர் இந்த நகரத்துக்குள் முதல் காலடி வைக்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வு 2018இல் இணையத்துக்கு மாறும்வரை, ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான அப்பாக்கள் கிண்டி வாசலில் மஞ்சப்பையோடு நின்றதுதான் அவர்களுடைய முதல் சென்னை. இவர்களுக்கு மூன்று நாள் திட்டம் எதற்கு உதவும்? பரிசோதனை முடிவு வரும்வரை ஒரு பகல், ராத்திரி வண்டிக்கு முன்னால் ஒரு மாலை. அவ்வளவுதான் கையில் இருக்கும். அந்த அரைநாளுக்கு உருப்படியாக ஒரு வழி சொல்ல முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

என் பதில்: மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷன் போங்கள். வடக்கே தொடங்குங்கள்.

2023 கடைசியிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன. அங்கிருந்து ஊரப்பாக்கம் அல்லது வண்டலூர் நிலையம் பக்கம்தான். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார வண்டி 1931 முதல் ஓடுகிறது. ஒரு மணி நேரப் பயணம். ஒரு டீ, ஒரு வடைக்கு ஆகிற காசைவிடச் சீட்டு மலிவு. காலை எட்டு மணிக்கு முன்போ பதினொன்றுக்குப் பின்போ ஏறினால் ஜன்னலோரம் கிடைக்கும். அந்த ஜன்னலில் ஓடுவது வெறும் புறநகர் இல்லை. சானடோரியம் என்ற நிலையத்தின் பெயர் காசநோய் மருத்துவமனையால் வந்தது. குரோம்பேட்டையின் பெயர் குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால். பல்லாவரத்தில் 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் செம்புரைக் குழி ஒன்றிலிருந்து ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு அறிவுலகம் ஒப்புக்கொண்ட முதல் சான்று அது. அடுத்து வரும் பரங்கிமலை அடிவாரத்தில், 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்து அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். இமயம் வரை போன பெரும் நில அளவை அந்தக் கோட்டிலிருந்து வளர்ந்ததுதான்.

மாம்பலம் வரும்போது ரங்கநாதன் தெருவின் கூட்டத்தைப் பார்த்து எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போவார்கள். நீங்கள் உட்கார்ந்திருங்கள். நூறாண்டுக்கு முன்பு அந்த இடம் ஒரு நெடிய ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்தது. 1920களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. மழைக்காலத்தில் அந்தத் தெருக்களில் ஏன் தண்ணீர் தேங்குகிறது என்று கேட்கிறவருக்கு அந்தப் பெயர்ப்பலகையே போதுமான பதில். சேத்துப்பட்டு, 1920இல் கணித மேதை ராமானுஜன் இறந்த இடம். வண்டி போய் நிற்கும் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் துறைமுகம், 1912இல் அவர் குமாஸ்தா வேலை பார்த்த இடம். எழும்பூர், பூங்கா, கோட்டை, கடற்கரை. கல் ஆயுதத்தில் தொடங்கிக் கப்பலில் முடிகிற பாதை இது. வேறெந்த ஊரிலும் ஒரு மணி நேரத்தில் இவ்வளவு காலத்தைக் கடக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பீச் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பர்மா பஜார். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்களுக்காக ஏற்பட்ட கடைவரிசை. அவர்கள் கொண்டுவந்த சாமான்கள் தீர்ந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. கொண்டுவந்த சாப்பாடு நிலைத்துவிட்டது. மாலையானால் பின்புறத் தெருக்களில் அத்தோ வண்டிகள் நிற்கும். வெந்து ஆறிய மஞ்சள் நூடுல்ஸை ஒரு பெரிய கிண்ணத்தில் போட்டு, நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு வறுத்த எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய தட்டை எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைவார்கள். பிசைகிற கை அளவு பார்ப்பதில்லை, கண் பார்க்கிறது. பக்கத்தில் கொதிக்கிற அண்டாவில் வாழைத்தண்டு சூப். அதைக் கேட்காமலேயே ஊற்றித் தருவார்கள். ரங்கூனை விட்டு வந்த ஒரு தலைமுறையின் துக்கம் இப்போது பேரப்பிள்ளைகளின் பிழைப்பாக அந்த வண்டியில் நிற்கிறது. சென்னை உணவு என்று இட்லியையும் காபியையும் மட்டும் சொல்கிறவர்கள் இந்த ஒரு தட்டைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து உயர்நீதிமன்றம் நடக்கிற தூரம்தான். 1892இல் முடிந்த செங்கல் நிறக் கட்டடம். ஹென்றி இர்வின் கைவண்ணம். அதன் உச்சியில் இருக்கும் கோபுரம் அழகுக்காக மட்டும் எழுந்ததில்லை. 1894 முதல் மெரினாவில் இப்போதைய கலங்கரை விளக்கம் வரும்வரை கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்கு அங்கேதான் இருந்தது. அதற்கு முன்னது, 1844இல் எழுந்த கல் தூண், அதே வளாகத்தில் இன்னும் நிற்கிறது. கிழக்குச் சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டுப் பலகை இருக்கும், தவறவிடாதீர்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. குண்டு ஒன்று விழுந்த இடம் அது. சில நிமிடத் தாக்குதல்தான், ஊரே காலியானது. எமகாதகனை ‘சரியான எம்டன்’ என்று நாம் சொல்வது அந்த இரவு தமிழுக்குத் தந்த சொல்.

கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. ஆனாலும் போகலாம், போக வேண்டும். 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பெற்ற ஒரு கீற்றுக் கடற்கரை நிலம்தான் இந்த இடம். 1680இல் முடிந்த புனித மரியாள் தேவாலயம் உள்ளே இருக்கிறது. கோட்டை அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலை இதே கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் மங்கிப்போன பட்டுத் துணியாகத்தான் தெரியும். பிள்ளைகளோடு வந்தவர்கள் அதன் முன் சற்று நேரம் நின்று, அது என்ன என்று சொல்லிக் கொடுங்கள். மற்ற அறைகளில் உள்ள கவர்னர்களின் படங்களை வேகமாகக் கடந்து போனால் குற்றமில்லை.

இனி, வழிகாட்டிகள் பெரும்பாலும் வாசகரைக் கூட்டிப்போகாத இடம். கோட்டைக்கு வடக்கே ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. நாட்டில் எஞ்சியிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் இதுவே பழமையானது. உயர்ந்த தூண்களோடு அமைதியாக நிற்கிறது, கூட்டமே இருக்காது. இன்னும் வடக்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியுமுன் போனால் ஏலம் பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் பெரிய படகுகள் கட்டியே கிடக்கும்.

அந்தக் கடற்கரையில் நீங்கள் காணப்போவது மணலை அல்ல, பாறாங்கற்களை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்கள். தெற்கே சில கிலோமீட்டரில் மெரினாவின் பரந்த மணல்வெளி. இங்கே வீட்டுவாசலில் அலை. ஏன் இப்படி? நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். நகர்ந்து வந்த மணல் அந்தச் சுவரில் மோதித் தெற்கே தங்கியது. கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே புரண்ட கடல் பின்வாங்கியது, மெரினா அகன்றது. 1880களில் கிராண்ட் டஃப் என்ற கவர்னர் அதற்கு நடைபாதை போட்டுப் பெயரும் வைத்தார். வடக்கே போகவேண்டிய மணல் போகவில்லை. அங்கே இருந்த மணலையும் கடல் எடுத்துக்கொண்டது, தெருக்களையும் எடுத்துக்கொண்டது.

முதல்முறை வருகிறவர் வடசென்னையில் தொடங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். காலையில் காசிமேட்டுக் கற்களைப் பார்த்தவர் மாலையில் மெரினா மணலில் உட்கார்ந்தால், தான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். சுண்டல் சுவை குறையாது, காற்றும் குறையாது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையை 1959 முதல் எத்தனையோ லட்சம் பேர் படம் எடுத்திருக்கிறார்கள். பாறையை நெம்பும் அந்த நான்கு பேருக்கும் வடக்கே கல் சுமந்த துறைமுகத்துக்கும் உள்ள உறவை நினைத்துப் பார்க்கிறவர் சிலர்தான். ஒரு எச்சரிக்கை: மெரினாவில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீரோட்டம் இழுக்கும். வெளியூர்ப் பிள்ளைகள் ஆண்டுதோறும் அங்கே உயிரை விடுகிறார்கள்.

அரைநாள்தான் இருக்கிறது, அதுவும் வெயிலில் அலைய முடியாது என்பவருக்கு நான் சொல்வது அந்தப் பழைய செத்த காலேஜையே. எழும்பூர்த் தாய் சேய் மருத்துவமனையும் அருங்காட்சியகமும் ஒரே பாந்தியன் சாலையில் இருக்கின்றன. குழந்தைகள் மருத்துவமனையும் பக்கத்தில்தான். வார்டுக்கு வெளியே மரத்தடியில் துண்டு விரித்துக் காத்திருக்கும் குடும்பங்களை அங்கே தினமும் காணலாம். சில நிமிட நடையில் உலகம் தேடி வந்து பார்க்கும் சிற்பங்கள் இருக்கின்றன என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

உள்ளே எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கால் ஓய்ந்துவிடும். பிள்ளைகள் இருந்தால் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. அதன் கீழ் நின்றால் போதும், அவர்களுக்கு அந்த நாள் மறக்காது. அமராவதிக் கற்கள் அடுத்தது. 1845இல் வால்ட்டர் எலியட் தோண்டி எடுத்தவற்றில் ஒரு பகுதி லண்டனுக்குப் போனது போக, மிச்சம் இங்கே. பல்லாவரத்தில் ரயில் ஜன்னலோரம் நினைத்துக்கொண்ட ஃபூட்டின் கல்லாயுதத் திரட்டும் பின்னாளில் இந்த அருங்காட்சியகத்துக்கே வந்து சேர்ந்தது. மீதி நேரம் முழுவதையும் வெண்கலக் கூடத்துக்குக் கொடுங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரி அங்கே நிற்கிறார். ஆண் பாகத்துக்கு இரண்டு கை, பெண் பாகத்துக்கு ஒரு கை. மூன்று கை என்பதே முதல் பார்வையில் தெரியாத அளவுக்கு உடலின் ஒயில் இருபுறத்தையும் சமன் செய்துவிடுகிறது. பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். இடுப்பு வளையும் இடத்தில் ஆண் எங்கே முடிகிறான், பெண் எங்கே தொடங்குகிறாள் என்று கோடு கிழிக்க முடியாது. திருவாலங்காட்டு நடராசரும் இங்கேதான். பிரெஞ்சுச் சிற்பி ரொதான் இந்த அருங்காட்சியகத்து நடராசரைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்துவிட்டு ஒரு முழுக் கட்டுரை எழுதினார். நமக்கு நேரிலேயே பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறது.

ஒருமுறை அந்தக் கூடத்து வாசலில் ஒரு பாட்டி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்ததைப் பார்த்தேன். கழற்ற வேண்டியதில்லை என்று காவலர் சொன்னார். “சாமி இருக்குதுல்லப்பா” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு கண்ணாடிப் பேழை முன்பும் நின்று நின்று போனார். அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் அவரைப்போல் நிதானமாகப் பார்த்தவர் வேறு யாருமில்லை.

மயிலாப்பூரையும் திருவல்லிக்கேணியையும் விட்டுவிட்டேன் என்று கோபப்படுகிறவர்கள் இருப்பார்கள். இரண்டாவது நாள் இருந்தால் அவை. அதிலும் ஒன்றைத்தான் என்றால் என் ஓட்டு திருவல்லிக்கேணிக்கு. மீசை வைத்த பெருமாளைப் பார்த்தசாரதி கோயிலில் கும்பிட்டு, பாரதி கடைசியாக வாழ்ந்த வீட்டுக்குள் போய்வந்து, 1795இல் எழுந்த வாலாஜா பெரிய மசூதி வரைக்கும் ஒரு மணி நேரத்தில் நடந்துவிடலாம். கோயில், கவிஞன், நவாப் மூன்றும் அந்தச் சின்ன வட்டத்துக்குள். மயிலாப்பூர் மார்கழிக்கும் பங்குனிக்கும் உரிய ஊர். அறுபத்துமூவர் அன்றோ சபாக்களில் கச்சேரி நடக்கும் டிசம்பரிலோ வந்தால்தான் அதன் முழு முகம் தெரியும். புத்தகப் பிரியர்களுக்குப் பொங்கலையொட்டிய புத்தகக் காட்சி, 1977இலிருந்து நடக்கிறது. சென்னைக்கு முதல்முறை வர நாள் குறிக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால் டிசம்பர் பின்பாதி முதல் பிப்ரவரி வரை வாருங்கள். மே மாதம் வேண்டாம். நவம்பரில் வானிலை அறிக்கை பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

ஆட்டோக்காரரிடம் ஏறுமுன் தொகையைப் பேசிக்கொள்வது, தண்ணீர் கையில் வைத்திருப்பது போன்றவை உங்களுக்குத் தெரிந்தவையே. தெரியாமல் பலர் ஏமாறுவது ஒன்றில்தான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை. ஊரில் புறப்படுமுன் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.